1200 என்ற விடை: "குறைந்தது இரண்டு பெண்கள்" கணக்கு ஒரு மீட்டல் வகுப்பில் சென்ற வழி

பின்னணி

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிகுடிக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்து வாசிகசாலையின் பின்கூடத்தில், இலங்கையின் பாடசாலை இறுதிப் பரீட்சையான க.பொ.த. உயர்தரத்தின் இணைந்த கணிதப் பாடத்துக்கு நான் சனிக்கிழமைப் பிற்பகல்களில் கட்டணமின்றி மீட்டல் வகுப்பு நடத்திவந்த காலத்தில் இது நிகழ்ந்தது. தரம் 13 மாணவர்கள் பன்னிருவர் வந்தனர். ஆண்கள் எழுவர், பெண்கள் ஐவர். அவர்களுள் மூவர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதையில் வாவியைக் கடந்து, குருமண்வெளித் துறையில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் வருபவர்கள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியின் குறுக்கே கொண்டுசேர்க்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றே சொல்வோம். இருட்டுவதற்குள் அம்மூவரும் பாதையைப் பிடிக்க வேண்டியிருந்தமையால் ஐந்து மணிக்கு வகுப்பை முடித்தே ஆக வேண்டும். பின்னர் நான் விட்ட ஒரு பிழையில் இந்த நேர நெருக்கடிக்கும் பங்கு உண்டு என்பதால் இதை முதலிலேயே குறிப்பிடுகிறேன்.

அந்த மாதம் எடுத்துக்கொண்ட அலகு வரிசைமாற்றங்களும் சேர்மானங்களும்: முன்னது வரிசையைக் கருதி எடுக்கும் வழிகளை எண்ணுவது, பின்னது வரிசையைக் கருதாமல் எடுக்கும் வழிகளை எண்ணுவது. பன்னிருவரும் பாடசாலையில் இதைப் படித்து முடித்திருந்தனர். காரணியக் குறியீடும் (5! = 5 × 4 × 3 × 2 × 1 என்பது போல) சேர்மானச் சூத்திரமும் எல்லோருக்கும் மனப்பாடம். இணைந்த கணிதத்தின் வேறு அலகுகளோடு ஒப்பிட்டால் இதில் நினைவில் வைத்திருக்க வேண்டியது மிகக் குறைவு. அப்படியிருந்தும், நுண்கணித வினாக்களைத் தயங்காமல் செய்யும் பிள்ளைகள்கூட இந்த அலகின் வினாவைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறேன். விடை சரியா பிழையா என்பதைத் தாங்களே சோதித்தறிய வழி இல்லை என்ற எண்ணமே அந்தத் தயக்கத்தின் வேர் என்பது என் கருத்து. ஒரு சமன்பாட்டைத் தீர்த்தவர் விடையை மீண்டும் பிரதியிட்டுப் பார்க்கலாம். எண்ணல் கணக்கில் பிரதியிடுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

எழுதும் வசதிக்காக, 12 பேரிலிருந்து 5 பேரைத் தெரியும், அதாவது தேர்ந்தெடுக்கும், சேர்மானங்களின் எண்ணிக்கையைச் சே(12, 5) என இங்கே குறிக்கிறேன்.

கொடுத்த கணக்கும் கிடைத்த விடைகளும்

வடகீழ்ப் பருவமழை தொடங்கவிருந்த நேரம் அது. வெள்ளம் வந்தால் வீடு வீடாகச் சென்று நிலைமை பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைப்பது பற்றி வாசிகசாலையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதையே கணக்காக்கினேன். வகுப்பிலுள்ள 7 ஆண்களிலும் 5 பெண்களிலும் இருந்து 5 பேர் கொண்ட குழுவைத் தெரிய வேண்டும். குழுவில் குறைந்தது 2 பெண்கள் இருத்தல் வேண்டும். எத்தனை வெவ்வேறு வழிகளில் தெரியலாம்? பரீட்சை வினாவைப் போலவே பத்து நிமிடம் கொடுத்து, ஒருவரோடொருவர் பேசாமல் செய்யச் சொன்னேன்.

கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏழு பேர் 1200 என்று எழுதியிருந்தனர். ஏழு பேரினதும் செய்முறை ஒன்றே: ஐந்து பெண்களிலிருந்து இருவரை முதலில் எடுத்துவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும், அதற்கு சே(5, 2) = 10 வழிகள்; எஞ்சியிருக்கும் பத்துப் பேரிலிருந்து, ஆணோ பெண்ணோ, எந்த மூவரையும் எடுக்கலாம், அதற்கு சே(10, 3) = 120 வழிகள்; ஆகவே 10 × 120 = 1200. இருவர் 596 என்று சரியாகக் கண்டிருந்தனர். ஒருவர் சரியாக இரண்டு பெண்கள் என்று வாசித்து 350 என்றும், மற்றொருவர் நிபந்தனையைக் கவனியாமலும் சேர்மானத்துக்குப் பதில் வரிசைமாற்றத்தைப் பயன்படுத்தியும் 95040 என்றும் எழுதியிருந்தனர். எஞ்சிய ஒருவரின் தாள் வெறுமையாக இருந்தது.

1200 என்று எழுதிய ஏழு பேரில் வகுப்பின் மிகத் திறமையான மாணவர்கள் மூவர் அடங்கியிருந்தனர் என்பதே என் கவனத்தை ஈர்த்தது. இது அவசரத்தில் வந்த கூட்டல், பெருக்கல் பிழை அல்ல. யோசித்து, நியாயம் கண்டு, நம்பிக்கையோடு எழுதிய விடை. இத்தகைய பிழையைச் சிவப்புக் கோடு போட்டுத் திருத்தினால் அடுத்த வினாவில் அது திரும்பவும் தலைகாட்டும்.

முதல் தீர்மானம்

விடை பிழை என்று நான் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். அதற்குப் பதிலாக ஒரேயொரு கேள்வியைப் பலகையில் எழுதினேன்: நிபந்தனை எதுவுமே இல்லாவிட்டால் 12 பேரிலிருந்து 5 பேரை எத்தனை வழிகளில் தெரியலாம்? எல்லோரும் ஒரு நிமிடத்துக்குள் சே(12, 5) = 792 என்று கண்டனர். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒரு மாணவன், "சேர், மொத்தமே எழுநூத்தித் தொண்ணூத்திரண்டுதான். அதுக்குள்ள எப்படி ஆயிரத்து இருநூறு வரும்?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. 1200 என எழுதியவர்களில் இருவர் 792ஐ மீண்டும் கணிக்கத் தொடங்கினர். பிழை மொத்தத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. தாம் கண்ட வழியில் அவ்வளவு நம்பிக்கை. இரண்டாம் முறையும் 792 வந்த பின்னரே பார்வை செய்முறையின் பக்கம் திரும்பியது. அப்போதும் அதில் எந்த வரி பிழை என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. இருவரை எடுப்பதும் சரி, எஞ்சியோரில் மூவரை எடுப்பதும் சரி, இரண்டையும் பெருக்குவதும் சரி என்றே ஒவ்வொரு படியும் தோன்றியது.

596 கண்ட இருவரையும் உடனே பலகைக்கு அழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் பெண்களின் எண்ணிக்கையை 2, 3, 4, 5 எனத் தனித்தனி வகைகளாகப் பிரித்து 350 + 210 + 35 + 1 எனக் கூட்டியிருந்தார். மற்றவர் மொத்தம் 792இலிருந்து பெண்களே இல்லாத 21 குழுக்களையும் ஒரேயொரு பெண் உள்ள 175 குழுக்களையும் கழித்திருந்தார். இரண்டும் அழகான செய்முறைகள். ஆனால் அவற்றை அப்போது காட்டியிருந்தால் மற்றவர்கள் அதைப் பார்த்தெழுதிக்கொண்டு, 1200 ஏன் வந்தது என்ற கேள்வியை அங்கேயே விட்டுவிடுவார்கள் என்று அஞ்சினேன். இன்றும் அந்தத் தீர்மானம் சரியென்றே எண்ணுகிறேன்.

புளியங்கொட்டைகளால் வந்த குழப்பம்

பிழையைக் கண்ணால் காணச்செய்ய வேண்டுமானால் கணக்கைச் சிறிதாக்க வேண்டும். 3 பெண்கள், 2 ஆண்கள், அவர்களில் 3 பேர் கொண்ட குழு, குறைந்தது 2 பெண்கள் என்று மாற்றினேன். மேசையில் மூன்று புளியங்கொட்டைகளைப் பெண்களுக்கும், வாவிக்கரையில் பொறுக்கிய இரண்டு மட்டிச் சிப்பிகளை ஆண்களுக்கும் வைத்து, இருக்கக்கூடிய குழுக்களை எல்லாம் கையால் எடுத்துக் காட்டச் சொன்னேன்.

மாணவி ஒருத்தி இரண்டு கொட்டையையும் ஒரு சிப்பியையும் ஒதுக்கினாள். பின்னர் அவற்றைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று கொட்டைகளை ஒதுக்கினாள். "ரெண்டு விதம்தான் சேர்" என்று நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னது சரியே. ஒன்றுபோலிருக்கும் கொட்டைகளை வைத்துப் பார்த்தால் அங்கே இருப்பவை இரண்டு வகைகள் மட்டுமே. ஆட்களை வைத்து எண்ணினால் விடை 7. வேறுபடுத்தி அறியக்கூடிய ஆட்களுக்குப் பதிலாக வேறுபாடற்ற பொருள்களை மேசையில் வைத்தது என் பிழை. சேர்மானக் கணக்கில் ஒவ்வொரு மூலகமும் வெவ்வேறானது என்ற அடிப்படையையே நான் கொண்டுவந்த உபகரணம் அழித்துவிட்டது.

இதை உடனே உணர்ந்திருந்தால் கொட்டைகளின் மேல் வெண்கட்டியால் ஒவ்வோர் எழுத்தை எழுதியிருக்கலாம். நேரம் நாலரையைத் தாண்டியிருந்த பதற்றத்தில், "இந்தக் கொட்டை வேறு, அந்தக் கொட்டை வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லிச் சமாளிக்க முயன்றேன். அதனால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. மண்டூர் மாணவர்கள் புத்தகப் பைகளை எடுத்தபோது பலகையில் 1200, 792, 9 (சிறிய கணக்கை அதே பிழையான வழியில் செய்தால் வரும் 3 × 3), 7, 2 ஆகிய ஐந்து எண்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நின்றன. அன்று வகுப்பு விளங்காமலே முடிந்தது.

பெயர்ச்சீட்டுகளும் ஒரு நிலைக்குத்துக் கோடும்

அடுத்த சனிக்கிழமை பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தைச் சீட்டுகளாக வெட்டி, மாணவிகள் மூவரின் முதலெழுத்துகளான க, ச, ம என்பவற்றையும் மாணவர்கள் இருவரின் த, ந என்பவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். ஏழு பேரும் கையாண்ட அதே வழியில், முதலில் இரு பெண்கள், பின்னர் எஞ்சிய மூவரில் ஒருவர் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில் ஒரு நிலைக்குத்துக் கோடு போடும்படியும் சொன்னேன். பலகையில் ஒன்பது வரிகள் வந்தன:

க ச | ம
க ச | த
க ச | ந
க ம | ச
க ம | த
க ம | ந
ச ம | க
ச ம | த
ச ம | ந

சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து வந்து, முதலாம், நான்காம், ஏழாம் வரிகளிலிருந்த கோட்டைக் கையால் அழித்துவிட்டு, "கோட்டை எடுத்தா மூண்டும் ஒண்டுதான் சேர்" என்றாள்.

இந்த நிகழ்வில் நான் கண்ட மிகத் தெளிவான விளக்கம் அதுவே. அந்தக் கோடு செய்முறைக்கு உரியது, குழுவுக்கு உரியதன்று. யார் முதலில் எடுக்கப்பட்டார், யார் பின்னர் சேர்க்கப்பட்டார் என்ற செய்தி கணக்கிட்டவரின் மனத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் வீடு வீடாகப் போகும் குழுவில் அது இல்லை. க, ச, ம ஆகிய மூவரும் சேர்ந்த ஒரே குழுவை மூன்று தரம் எண்ணிவிட்டோம். ஒரு பெண்ணை மட்டும் விட்டு ஓர் ஆணைச் சேர்த்த ஆறு குழுக்களும் ஒவ்வொரு தரமே வந்தன. 6 × 1 + 1 × 3 = 9; உண்மையான குழுக்கள் 6 + 1 = 7.

பெருக்கல் தத்துவத்தைப் பாடசாலையில் கற்பிக்கும்போது, முதற்படியை இத்தனை வழிகளிலும் அடுத்த படியை இத்தனை வழிகளிலும் செய்யலாமாயின் இரண்டையும் பெருக்கலாம் என்கிறோம். பெருக்கி வருவது படிகளைச் செய்யும் வழிகளின் எண்ணிக்கை. இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே குழுவில் போய் முடியாதபோது மட்டுமே அது குழுக்களின் எண்ணிக்கையும் ஆகும். இந்த இரண்டாம் வாக்கியத்தை நானும் அதுவரை அழுத்திச் சொன்னதில்லை.

600 என்ற கவர்ச்சியான விடை

இந்த இடத்தில் முதல் நாள் 1200 என எழுதிய திறமையான மாணவர்களுள் ஒருவன் ஒரு திருத்தத்தை முன்வைத்தான். "திரும்பத் திரும்ப எண்ணினா வரிசைமாற்றத்தில காரணியத்தால பிரிக்கிறம்தானே சேர்? ரெண்டு பேரை முதல் எடுத்தபடியா ரெண்டால பிரிச்சாச் சரி வராதா?" 1200 ÷ 2 = 600.

சரியான விடை 596. வித்தியாசம் நான்கே நான்கு. 596ஐ முன்பே கண்டிருந்த இருவர்கூட ஒருகணம் தம் கூட்டலைச் சந்தேகித்துத் திரும்பிப் பார்த்தனர். பிழையான ஒரு வழி சரியான விடைக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பது ஆபத்தானது. எண் தூரத்தில் இருந்தால் பிள்ளை சந்தேகிக்கும். அருகில் இருந்தால் நம்பிவிடும்.

"இரண்டால் பிரிக்கக் கூடாது" என்று சொல்வதா, அவனே கண்டறிய விடுவதா என்ற தெரிவு இருந்தது. அவனுடைய விதியைச் சிறிய கணக்கில் பயன்படுத்திப் பார்க்கும்படி கேட்டேன். 9 ÷ 2 = 4½. அரைக் குழு இருக்க முடியாது என்று அவனே சொல்லிச் சிரித்தான். ஆனால் காரணத்தை நான் விடவில்லை. வகுத்தல் எப்போது செல்லும், எப்போது செல்லாது?

இதற்கு முதல் நாள் 95040 என எழுதிய மாணவனின் விடை கைகொடுத்தது. 12 பேரில் ஐவரை வரிசையாக நிறுத்தும் வழிகள் 12 × 11 × 10 × 9 × 8 = 95040. எந்த ஐவரை எடுத்தாலும் அவர்களை 5! = 120 விதமாக வரிசைப்படுத்தலாம்; ஒவ்வொரு குழுவும் மிகச் சரியாக 120 தரம் எண்ணப்பட்டிருக்கிறது, ஒன்றுகூட விலக்கில்லை. எனவே 95040 ÷ 120 = 792 என வகுப்பது செல்லும். சேர்மானச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் காரணியத்தின் பொருள் இதுவே. மேலே இறங்கு வரிசையிலும் கீழே ஏறு வரிசையிலும் எண்களைப் பெருக்கி ஒன்றை மற்றதால் வகுக்கும் இந்த விதியை 9ஆம் நூற்றாண்டிலேயே கணிதர் மகாவீரர் பொதுவிதியாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் குறிப்பிட்டேன். தன் பிழையான விடை பலகையில் பயன்பட்டதைக் கண்ட அந்த மாணவன் அதற்குப் பின் வகுப்பில் வாய்திறக்கத் தொடங்கினான்.

பின்னர் 1200ஐ எடுத்துக்கொண்டோம். குழுவில் இரு பெண்கள் இருந்தால் முதலில் எடுக்கப்பட்ட இருவர் அவர்களே; அக்குழு ஒரு தரம் வரும். மூன்று பெண்கள் இருந்தால் அவர்களில் எந்த இருவரும் முதலில் எடுக்கப்பட்டிருக்கலாம்; சே(3, 2) = 3 தரம். நான்கு பெண்கள் இருந்தால் 6 தரம். ஐவரும் பெண்களாயின் 10 தரம். மாணவர்களே பலகையில் எழுதினர்:

350 × 1 + 210 × 3 + 35 × 6 + 1 × 10 = 350 + 630 + 210 + 10 = 1200.

கூட்டுத்தொகை 1200 என்று வந்து முடிந்தபோது கூடத்தில் எழுந்த ஆரவாரத்தில் வாசிகசாலைப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். பிழையான விடையே சரியாகக் கணிக்கப்பட்டுவிட்டது. எத்தனை தரம் எண்ணினோம் என்பது குழுவுக்குக் குழு 1, 3, 6, 10 என மாறுவதால், எந்த ஓர் எண்ணால் வகுத்தும் இதைத் திருத்த முடியாது என்பது இனி ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. வகைகளாகப் பிரிக்கும் செய்முறையையும் மொத்தத்திலிருந்து கழிக்கும் செய்முறையையும் அவற்றைக் கண்ட இருவரும் அதன் பின்னரே வந்து விளக்கினர்.

தோணிக் கணக்கு

மூன்றாம் வாரம், வகுத்தல் செல்லும் இன்னொரு சந்தர்ப்பத்தைக் கொடுத்தேன். ஆறு பேர், ஒவ்வொன்றிலும் இருவர் வீதம், வெவ்வேறு சொந்தக்காரரின் மூன்று தோணிகளில் ஏற வேண்டும், எத்தனை வழிகள்? அதே ஆறு பேர் வீட்டுவேலை செய்வதற்காக இருவர் இருவராக மூன்று சோடிகளாகப் பிரிய வேண்டுமாயின் எத்தனை வழிகள்?

முதலாவதற்கு 15 × 6 × 1 = 90. இரண்டாவதற்கும் பெரும்பாலானோர் 90 என்றே முதலில் எழுதினர். ஆனால் இம்முறை, ஒருவரும் கேட்காமலே, "ஒரு சோடிப் பிரிவு எத்தின தரம் வரும்?" என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினர். தோணிகளுக்கு அடையாளம் உண்டு, சோடிகளுக்கு அடையாளம் இல்லை. மூன்று சோடிகளை மூன்று தோணிகளில் 3! = 6 விதமாக ஏற்றலாம்; ஒவ்வொரு பிரிவும் 6 தரம், விலக்கில்லாமல். 90 ÷ 6 = 15. மண்டூரிலிருந்து வரும் மாணவன், சோடிகள் மூன்றும் ஒரே பாதையில் ஏறுவதாக எண்ணினால் விடை எது என்று கேட்டான். எல்லோரும் ஒன்றாக ஏறும் பாதையில் சோடிக்குத் தனியிடம் இல்லாதபடியால் 15தான் என்று மற்றொருவர் பதில் சொன்னார். இதற்கு மேல் அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை

மேலும் மூன்று வாரங்கள் கழித்து, வேறு அலகுகளின் வினாக்களோடு கலந்து ஒரு சிறு பரீட்சை வைத்தேன். ஒருவர் வரவில்லை, பதினொருவர் எழுதினர். அதில் ஒரு வினா: அறுசுவைகளில் குறைந்தது ஒன்றையேனும் கொண்ட கலவைகள், சுவைகளின் அளவைக் கருதாவிடில், எத்தனை? ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை இதற்கு 63 என்றே கணக்குச் சொல்கிறது: ஒரு சுவை 6, இரு சுவை 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் சேர்ந்தது 1. ஒவ்வொரு சுவையும் இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் என்பதால் 2ஐ ஆறு தரம் பெருக்கி 64 பெற்று, ஒரு சுவையும் இல்லாத ஒன்றைக் கழித்தாலும் அதுவே வரும்.

ஒன்பது பேர் 63 எனக் கண்டனர். ஒருவர் ஒன்றைக் கழிக்க மறந்து 64 என விட்டிருந்தார். மற்றொருவர் முதலில் ஒரு சுவையை 6 வழிகளில் எடுத்து, எஞ்சிய ஐந்தில் எவற்றையும் 32 வழிகளில் சேர்த்து, 6 × 32 = 192 என எழுதியிருந்தார். அவர் பலகையில் கோட்டை அழித்த அதே மாணவி. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. அருகில் அழைத்து, "இனிப்பும் புளிப்பும் மட்டும் சேர்ந்த கலவை உங்கட கணக்கில எத்தின தரம் வரும், பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். "ரெண்டு தரம்" என்று சொல்லி முடிக்குமுன் தாளை வாங்கி முழுவதையும் அடித்துவிட்டு, வகைகளாகப் பிரித்து எழுதித் தந்தாள். விளங்கிய ஒருவருக்கும் நேரம் நெருக்கும்போது பழைய வழியே முதலில் கைக்கு வருகிறது.

நான் எதிர்பாராத வேறொரு விளைவும் இருந்தது. மழைக்காலக் குழுக் கணக்கையே "சரியாக 2 பெண்கள்" என மாற்றிக் கொடுத்திருந்தேன்; விடை 10 × 35 = 350. இருவர் 175 என எழுதியிருந்தனர். 175 என்பது சரியாக ஒரு பெண் உள்ள குழுக்களின் எண்ணிக்கையும் ஆகையால், வினாவைப் பிழையாக வாசித்துவிட்டனர் என்றே முதலில் எண்ணினேன். செய்முறை எழுதப்படாததால் அழைத்துக் கேட்டபோதுதான், திரும்ப எண்ணியிருக்கலாம் என்ற பயத்தில் 350ஐ இருவரும் இரண்டால் வகுத்தது தெரிந்தது. பெண்கள் ஒரு தொகுதியிலிருந்தும் ஆண்கள் மற்றொரு தொகுதியிலிருந்தும் வரும்போது கோட்டை அழித்தாலும் யார் எந்தப் பக்கம் என்பது தெரியும். ஒவ்வொரு குழுவும் ஒரு தரமே வரும். பெருக்கல் செல்லும் இந்தச் சந்தர்ப்பத்தை, செல்லாத சந்தர்ப்பத்தின் அருகில் வைத்து நான் காட்டவில்லை. எச்சரிக்கையை மட்டும் கற்பித்ததால் வந்த பிழை இது. அதற்குப் பொறுப்பு அந்த இருவரும் அல்லர்.

அடுத்த முறை மாற்றியவை

முதலாவதாக, கொட்டைகளையும் சிப்பிகளையும் விட்டுவிட்டேன். எழுத்துள்ள சீட்டுகளோடுதான் இந்த அலகைத் தொடங்குகிறேன். ஒத்த பொருள்கள் பற்றிய கணக்குகள் வரும்போது மட்டும் கொட்டைகள் வெளியே வருகின்றன. அப்போது சீட்டுக்கும் கொட்டைக்கும் உள்ள வேறுபாடே பாடமாகிவிடுகிறது. பட்டியலிடும் வேலையை வகுப்பின் முதல் அரைமணியில் வைக்கிறேன். பாதைக்குப் போகும் பிள்ளைகள் எண்களை மட்டும் சுமந்துகொண்டு போக நேர்வதில்லை. "சரியாக இரண்டு" கணக்கும் "குறைந்தது இரண்டு" கணக்கும் ஒரே நாளில், ஒரே பலகையில், கோட்டோடு எழுதப்படுகின்றன. எந்த விடையின் அருகிலும், ஒரு குறிப்பிட்ட குழுவை எடுத்து அது எத்தனை தரம் எண்ணப்படுகிறது என்று ஒரு வரி எழுதும்படி கேட்கிறேன். பரீட்சைத் தாளில் அதற்குத் தனிப் புள்ளி கிடைக்காது என்று தெரிந்தும்.

மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்வியில்தான் நான் மிகவும் ஏமாந்திருக்கக்கூடும். அடுத்த அணியில் 13 பேர் வந்தனர். ஆண்கள் ஒன்பதின்மர், பெண்கள் நால்வர். வழக்கம்போல் வகுப்பின் எண்களையே வைத்துக் கணக்கை அமைக்கலாம் என்று எண்ணி, வீட்டில் முன்கூட்டிச் செய்து பார்த்தேன். பிழையான வழியில் சே(4, 2) × சே(11, 3) = 6 × 165 = 990. நிபந்தனையில்லாத மொத்தம் சே(13, 5) = 1287. சரியான விடை 504 + 144 + 9 = 657. 990 மொத்தத்துக்குள் அடங்கிவிடுகிறது. மொத்தம் என்ன என்று கேட்டிருந்தால் ஒருவரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள், பிழையும் வெளிவந்திராது. புளியங்கொட்டைக் கணக்கிலும் 9 மொத்தமான 10க்குள் அடங்கியே இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். முதல் வகுப்பில் 1200 மொத்தத்தை மீறியது அந்த எண்களின் தற்செயல்.

ஆகவே புதிய அணிக்கும் 7 ஆண்கள், 5 பெண்கள் என்ற பழைய எண்களையே முதற்கணக்காகக் கொடுத்தேன். மொத்தத்துக்குள் அடங்கும் 9, 4 கணக்கை இரண்டாவதாக வைத்தேன். வகுப்பில் மாணவிகள் நால்வரே இருந்தமையால், ஐந்தாவது சீட்டில் முன்னைய அணி மாணவி ஒருத்தியின் எழுத்தான "ம"வை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.